சக் பெர்ரியைப் பார்க்கும்போது பியானோக்காரரையும் பாருங்கள்

கேள்வி இதுதான்: "என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இளம் வயதில் தோட்டத்துப் பையன்களோடு சேர்ந்து கிதார் வாசித்திருக்கிறார். போன வாரம் அவரோடு உட்கார்ந்து அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகரும் கிதார் கலைஞருமான சக் பெர்ரியின் 60-ஆவது பிறந்தநாள் நிகழ்ச்சிப் படத்தைப் பார்த்தேன். தாத்தா கை தட்டி ரசித்தார். எனக்கோ எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருந்தது. வயதான ஒருவர் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடுகிறார், நடுவில் மற்றவர்களோடு சண்டை போடுகிறார். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா?"

தம்பி, படம் முழுக்க நீங்கள் பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கேமராவும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது, அதனால் இது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் இந்தப் படத்தின் ருசியில் பாதிக்கு மேல், பியானோ முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதரிடம் இருக்கிறது. அவர் பெயர் ஜானி ஜான்சன். அவரை விட்டுவிட்டுப் பார்த்தால் இது ஒரு பிறந்தநாள் விழா, அவ்வளவுதான். அவரையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பாட்டு யாருடைய கையிலிருந்து பிறக்கிறது என்கிற பெரிய விஷயம் கண் முன்னால் நடக்கிறது.

நான் மலேசியாவில் ஈப்போ, சுங்கை சிப்புட், கோல கங்சார் வட்டாரத்துக் கல்யாண மேடைகளில் பல வருடம் பேஸ் கிதார் வாசித்தவன். பின்னால் நிற்கிறவனுக்குப் பாடகரின் முதுகுதான் தெரியும், பக்கத்தில் வாசிக்கிறவர்களின் கைகள் தெரியும். இந்தப் படத்தையும் நான் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

முதலில் படம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'ஹெயில்! ஹெயில்! ராக் அண்ட் ரோல்'. இயக்கியவர் டெய்லர் ஹாக்ஃபோர்ட், வெளிவந்தது 1987. நிகழ்ச்சி நடந்தது 1986 அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஃபாக்ஸ் தியேட்டரில். அதற்கு இரண்டு நாள் கழித்து பெர்ரிக்கு 60 முடிகிறது. நம் வீடுகளில் என்றால் மணிவிழா. பெர்ரி பிறந்து வளர்ந்த ஊரும் செயின்ட் லூயிஸ்தான். இசை ஏற்பாடு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ். டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டான், பேஸில் ஜோயி ஸ்பாம்பினாட்டோ, ஆர்கனில் சக் லெவெல், சாக்ஸபோனில் பாபி கீஸ், பியானோவில் ஜானி ஜான்சன். எரிக் கிளாப்டன், ராபர்ட் கிரே, எட்டா ஜேம்ஸ், லிண்டா ரோன்ஸ்டாட், ஜூலியன் லெனன் ஆகியோர் வந்து ஆளுக்கு ஒரு பாட்டில் சேர்கிறார்கள். நடுநடுவே ஒத்திகைக் காட்சிகளும் பேட்டிகளும் வருகின்றன.

சரி, "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி" என்றீர்களே, அங்கே வருகிறேன். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பெர்ரியின் பாட்டுகளில் மிகப் பல, அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையின் பன்னிரண்டு பார் சுற்றில் கட்டியவை. ஒரு பார் என்றால் நாலு தட்டு. நம் ஸ்வரங்களை வைத்துச் சொல்கிறேன். முதல் நாலு பார் ச-வை அடியாக வைத்த கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களில், நிற்கும். அடுத்த இரண்டு பார் ம-வுக்குப் போகும். மறுபடி இரண்டு பார் ச. ஒன்பதாவது பாரில் ப, பத்தாவதில் ம (சில பாட்டுகளில் அங்கேயும் ப-வே நிற்கும்), கடைசி இரண்டில் திரும்பவும் ச. அதோடு ஒரு சுற்று முடிந்தது. வேகமான பாட்டில் இந்த முழுச் சுற்றும் இருபது விநாடிக்குள் ஓடிவிடும். 'ஜானி பி. குட்' பாட்டைப் போட்டு விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும், அப்புறம் எண்ணாமலேயே கார்ட் எப்போது மாறும் என்று உடம்புக்குத் தெரியும்.

அது தெரிந்த பிறகுதான் ரசனை தொடங்குகிறது. சுற்று எல்லாருக்கும் பொது, யாருக்கும் சொந்தமில்லை. அதற்குள் பெர்ரி என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு வரி பாடுகிறார், நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் கிதார் அதற்குப் பதில் சொல்கிறது. அடுத்த வரி, அடுத்த பதில். பெரும்பாலும் இரண்டு தந்திகளைச் சேர்த்து ஒரே அடியில் வாசிப்பார். அதனால் ஒரு கிதாரே இரண்டு ஊதுகுழல்கள் சேர்ந்து ஊதுவதுபோல் தடித்துக் கேட்கும். இதெல்லாம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. 'ஜானி பி. குட்' பாட்டின் அந்தப் புகழ்பெற்ற தொடக்கம், லூயிஸ் ஜோர்டான் குழுவில் கார்ல் ஹோகன் என்கிற கிதார் கலைஞர் 1946-இல் வாசித்த ஒரு தொடக்கத்திலிருந்து வந்தது. பெர்ரி அதை எடுத்து வேகம் கூட்டி, தன் பாட்டுக்கு வாசல் ஆக்கினார்.

இன்னொன்று, தாளம். 1958-இல் வந்த அந்த ஒலிப்பதிவைக் கேட்டால் டிரம்ஸ் கொஞ்சம் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி போகும், கிதார் நேராக, அழுத்தமாகப் போகும். இரண்டும் முழுசாக ஒட்டாது. அந்த ஒட்டாத இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது. பின்னால் வந்த பல குழுக்கள் எல்லாரும் நேராகவே வாசித்து அந்த ஊஞ்சலை இழந்துவிட்டார்கள் என்பது என் கருத்து. ஸ்டீவ் ஜோர்டானின் தாளத்தைக் கேளுங்கள். அவர் அதை மறுபடி கொண்டுவருகிறார். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

சொற்களையும் விட்டுவிடாதீர்கள். சப்டைட்டில் போட்டுக்கொண்டு ஒரு முறை பாருங்கள். 'மேபலின்' பாட்டில் ஃபோர்ட் காரில் ஒருவன் கெடிலாக் காரைத் துரத்துகிறான். பள்ளிக்கூட நாளைப் பற்றிய பாட்டில் மணி அடித்ததும் பிள்ளைகள் ஜூக்பாக்ஸைத் தேடி ஓடுகிறார்கள். இன்னொரு பாட்டில் ஒருவன் மெம்பிஸ் நகரத்துக்கு போன் போட்டுத் தரச் சொல்லி ஆபரேட்டரிடம் கெஞ்சுகிறான், காதலியைத் தேடுகிறான் என்றே நினைக்கிறோம், கடைசியில்தான் தெரியும் அது அவனுடைய ஆறு வயது மகள் என்று. இரண்டரை நிமிடத்தில் ஒரு சிறுகதை. உச்சரிப்பு கண்ணாடி மாதிரி தெளிவு. பெர்ரி, பாடகர் நாட் கிங் கோலை மிகவும் மதித்தவர், அந்தத் தெளிவை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். குரலின் இனிமையை இவரிடம் தேடினால் ஏமாற்றம்தான். அவர் குரல் கதை சொல்கிற குரல்.

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம். நீங்கள் அதைத் தொந்தரவு என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் படத்தின் நெஞ்சுப் பகுதி.

பாட்டு 'கரோல்'. கீத் ரிச்சர்ட்ஸ் தொடக்கத்தை வாசிக்கிறார். பெர்ரி நிறுத்துகிறார். தந்தியை இழுக்கிற இடம் சரியில்லை என்கிறார். கீத் மறுபடி வாசிக்கிறார். மறுபடி நிறுத்தம். இன்னொரு முறை. கீத்தின் தாடை இறுகுகிறது, கண் கீழே போகிறது, ஆனால் கிதாரைக் கீழே வைக்கவில்லை. அங்கே நின்றுகொண்டிருப்பவர் யார் என்று யோசியுங்கள். உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றின் கிதார் கலைஞர். அதே 'கரோல்' பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே பதிவு செய்துவிட்டார்கள். இருபது வயதுப் பையனாக இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கற்றுக்கொண்ட பாட்டு அது. இருபத்திரண்டு வருடம் கழித்து, பாட்டுக்குச் சொந்தக்காரர் முன்னால் நின்று, "அப்படி இல்லை, இப்படி" என்கிறார்.

நம் ஊரில் திருவிழாவுக்கு முன்னால் உறுமி மேளம் ஒத்திகை பார்த்திருப்பீர்கள். மூத்தவர் ஒரே ஓர் அடிக்காகக் குழு முழுவதையும் நிறுத்துவார். பையன்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் கவலையே படமாட்டார், அந்த அடி விழும்வரை விடமாட்டார். 'கரோல்' ஒத்திகையில் நடப்பது அச்சாக அதுதான். சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, ராக் இசை எதுவும் கேட்டிராத ஒரு உறுமிக்காரப் பையன் அந்தக் காட்சியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்த அண்ணன் ரெண்டாவது தடவையும் அவசரப்பட்டாரு" என்றான். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி.

பெர்ரி அங்கே கொடுமை செய்கிறாரா, கற்றுக்கொடுக்கிறாரா? இரண்டும் கலந்துதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு இழுப்பு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். அந்தச் சின்ன இழுப்பு அவருடைய கையெழுத்து. அது இல்லாவிட்டால் அது யாரோ வாசிக்கும் பெர்ரி பாட்டு. கீத்தும் அதை அறிந்துதான் பொறுத்துக்கொள்கிறார். அப்புறம் ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் இன்னொரு தகராறு வருகிறது. பெர்ரி குமிழைத் தன் இஷ்டத்துக்குத் திருப்புகிறார். நாமெல்லாம் போன பிறகும் இந்த ஒலிதான் படத்தில் நிற்கும் என்கிற பொருளில் கீத் வாதாடுகிறார். தான் சாகப்போவதில்லை என்று பெர்ரி பதில் சொல்கிறார். அந்த இடத்தில் கீத் சொன்னதுதான் சரி. பெர்ரி 2017 மார்ச் 18-இல், 90 வயதில் காலமானார். இன்று நீங்களும் தாத்தாவும் கேட்பது அன்று படத்தில் பதிவான அந்த ஒலியைத்தான்.

இனி ஜானி ஜான்சன். 1952-ஆம் ஆண்டின் கடைசி இரவு, கிழக்கு செயின்ட் லூயிஸில் காஸ்மோபாலிட்டன் கிளப்பில் வாசிக்க ஜான்சனின் மூவர் குழு ஒப்புக்கொண்டிருந்தது. சாக்ஸபோன் வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லை. கடைசி நேரத்தில் ஆள் வேண்டும். ஜான்சன் கூப்பிட்டது சக் பெர்ரியை. அதாவது முதலாளி ஜான்சன், வந்து சேர்ந்தவர் பெர்ரி. பெர்ரிக்குப் பேச்சும் ஆட்டமும் பாட்டெழுதும் திறமையும் இருந்தன, மெல்ல மெல்ல அவரே முன்னால் வந்துவிட்டார். 1955-இல் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ் 'மேபலின்' பாட்டை வெளியிட்டபோது இசைத்தட்டில் பெர்ரியின் பெயர்தான்.

இந்தப் படம் எடுத்த காலத்தில் ஜான்சன் செயின்ட் லூயிஸில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கீத் ரிச்சர்ட்ஸ்தான் அவர் இந்த மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். படத்தில் கீத் ஒரு நுட்பமான விஷயம் சொல்கிறார், எந்தக் கிதார்காரரும் கேட்டவுடன் தலையாட்டுவார். கிதாருக்கு வசதியான சுருதிகள் இ, ஏ, ஜி மாதிரி, திறந்த தந்திகள் உதவுகிற இடங்கள். பெர்ரியின் பாட்டுகளோ பி ஃபிளாட், இ ஃபிளாட் என்று பியானோவுக்கும் ஊதுகருவிகளுக்கும் வசதியான சுருதிகளில் இருக்கின்றன. 'ஜானி பி. குட்' பி ஃபிளாட்தான். கிதார் வாசிப்பவர் தனியாக உட்கார்ந்து பாட்டுப் போட்டால் அங்கே போகமாட்டார். பக்கத்தில் ஒரு பியானோ இருந்திருக்கிறது, அதன் மேல் விரல் வைத்திருந்தவருக்கும் அந்தப் பாட்டுகளில் பங்கு இருக்கிறது என்பது கீத்தின் வாதம்.

இதைத் தெரிந்துகொண்டு எரிக் கிளாப்டன் பாடும் 'வீ வீ அவர்ஸ்' பாட்டைப் பாருங்கள். 1955-இல் 'மேபலின்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த மெதுவான ப்ளூஸ். எல்லாரும் வேகத்தைக் குறைக்கிறார்கள், அப்போது பியானோ முழுசாகக் கேட்கிறது. ஜான்சனின் பெரிய கைகள், முகத்தில் எந்த அலட்டலும் இல்லை. வலக்கை மேலே மழைத்தூறல் மாதிரி ஓடுகிறது, இடக்கை கீழே நடந்துகொண்டே இருக்கிறது, இரண்டும் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டுமே முன்னால் வருகின்றன. பாடகர் பாடும்போது அவர் ஒதுங்கிக்கொள்கிறார். முப்பது வருடப் பழக்கம் இல்லாமல் அந்த ஒதுங்கல் வராது. பாட்டை ஒரு முறை கிளாப்டனுக்காகப் பாருங்கள், அப்புறம் திரையைப் பார்க்காமல் பியானோவுக்காக மட்டும் கேளுங்கள்.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2000-இல் ஜான்சன், அந்தப் பாட்டுகளை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று பெர்ரி மேல் வழக்குத் தொடர்ந்தார். காலம் மிகவும் கடந்துவிட்டது என்று 2002-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2001-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. பெர்ரியை அங்கே சேர்த்தது 1986-இல், முதல் வரிசையிலேயே. பதினைந்து வருட இடைவெளி. எனக்கு அது வருத்தம்தான். 2005-இல் ஜான்சன் இறந்துபோனார். 'ஜானி பி. குட்' என்கிற பெயரில் உள்ள ஜானிக்கு அவர்தான் தூண்டுதல் என்று பெர்ரியே சொல்லியிருக்கிறார், குட் என்பது பெர்ரி பிறந்த வீடு இருந்த தெருவின் பெயர்.

பெர்ரியை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. பல முறை சிறைக்குப் போனவர், பெண்கள் விஷயத்தில் அவர் மேல் கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தன. அதை மறைத்து ரசிக்கத் தேவையில்லை. படமும் அவரைத் தெய்வமாக்கவில்லை, தனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் அவர் எப்படிக் கதவைச் சாத்துகிறார் என்பதையும் காட்டுகிறது. பணத்திலும் கறார். தனியாக ஒரு கிதாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், முன்பணத்தை ரொக்கமாக வாங்கிய பிறகுதான் மேடை ஏறுவார், அந்தந்த ஊரில் கிடைக்கும் குழுவோடு ஒத்திகையே இல்லாமல் வாசிப்பார். இளம் வயதில் அப்படிப் பின்னால் வாசித்த அனுபவத்தைப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் படத்தில் சொல்கிறார், தவறவிடாதீர்கள். இந்தக் கறாருக்குக் காரணம் இருக்கிறது. 'மேபலின்' வெளிவந்தபோது, பாட்டை வானொலியில் ஓடவிட்ட ஆலன் ஃப்ரீட் என்கிற அறிவிப்பாளரின் பெயரையும் பாட்டு எழுதியவர்களில் ஒருவராகச் சேர்த்துவிட்டார்கள். உழைத்தவன் ஒருவன், பங்கு வாங்கியவன் இன்னொருவன். அதன் பிறகு அந்த மனிதர் காகிதத்தை நம்பவில்லை. ஆனாலும் பியானோவில் உட்கார்ந்திருந்தவரின் பங்கைப் பற்றி அவரும் நினைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஃபாக்ஸ் தியேட்டரைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் தாத்தா முகத்தைப் பார்த்தீர்களா? சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு அந்தத் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போயிருக்கிறார். கறுப்பர் என்பதால் டிக்கெட் தரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே கட்டடம், அதே மேடை. இப்போது 60 வயதில் சிவப்பு கிதாரோடு அங்கே நிற்கிறார், கீழே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். துரைமார் கிளப்புக்குள் நம் ஆட்கள் தட்டு ஏந்திப் போகலாம், நாற்காலியில் உட்காரப் போக முடியாது என்று இருந்த காலத்தை உங்கள் தாத்தாவின் தலைமுறை நேரில் கண்டது. பெர்ரி அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.

தாத்தாவுக்கு இந்த இசை எப்படிப் பழக்கமானது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவரோடு உட்கார்ந்து பார்க்கிறீர்கள். 1961-இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் மலாயா முழுக்க மூன்று கிதார், ஒரு டிரம்ஸ் என்று பையன்கள் குழு சேர்த்தார்கள். மலாயில் கூகிரான் என்பார்கள், பாட்டு வகைக்கு பாப் யே யே என்று பெயர். பீட்டில்ஸும் ஸ்டோன்ஸும் வந்தார்கள், இரண்டு குழுக்களுமே தொடக்கத்தில் பெர்ரியின் பாட்டுகளைப் பதிவு செய்தவர்கள். ஆக, நம் தோட்டத்துப் பையன்களில் பலர் பெர்ரியின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் கைவேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பினாங்கிலிருந்து ஆலிகேட்ஸ் குழு வந்தது, முன்னால் நின்று பாடிய லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் நம் தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பாட்டில் நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். தமிழ்ப் படத்திலும் இந்த ஆட்டம் வந்துவிட்டது. 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டைக் கேட்டவருக்கு ராக் தாளம் அந்நியமாக இருக்காது. உங்கள் பாட்டி ராக் இசை தெரியாது என்று சொன்னால் அந்தப் பாட்டை முதலில் போட்டு, அப்புறம் பெர்ரியைப் போடுங்கள்.

இனி பார்க்கும் முறை. கைப்பேசியில் பார்க்காதீர்கள். டிவியின் பின்பக்கத்துச் சின்ன ஸ்பீக்கரில் பியானோவின் இடக்கையும் பேஸ் கிதாரும் செத்துப்போகும், மிஞ்சுவது குரலும் தகரம் மாதிரி ஒரு கிதாரும்தான். உங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்டதில் இதற்கும் பங்கு இருக்கலாம். வீட்டில் பழைய ஹைஃபை செட் இருந்தால் அதில் இணையுங்கள், இல்லாவிட்டால் ஒரு நல்ல ஹெட்போன் போதும். ஒலியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். பக்கத்து வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

ஒரே மூச்சில் முழுசாகப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. 'கரோல்' ஒத்திகையை மட்டும் முதலில் பார்த்துவிட்டு, மேடையில் வாசிக்கும் பாட்டுகளுக்குப் போங்கள். எட்டா ஜேம்ஸ் வரும் பாட்டில் குரல் என்றால் என்ன அளவு என்று தெரியும், மற்ற விருந்தாளிகளை எல்லாம் அவர் ஓரம் கட்டிவிடுகிறார் என்பேன். ஜூலியன் லெனன் பகுதியை ஓட்டிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ராபர்ட் கிரே பாடும்போது கிதார் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கவனியுங்கள், குறைவாக வாசிக்கத் தைரியம் வேண்டும். பெர்ரி காலத்து ராக் பாடகர்களான லிட்டில் ரிச்சர்ட், போ டிட்லி ஆகியோரும் பெர்ரியும் உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தாத்தாவோடு பாருங்கள். சாதித்த மூன்று பேர், தங்களுக்கு வர வேண்டியது வராமல் போனதைப் பேசுகிறார்கள். சிரிப்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

பெர்ரியின் பாதத்தையும் ஒரு பாட்டு முழுக்கப் பாருங்கள். வாத்து நடை நடக்கும் அந்தக் கால்தான், ஆனால் அது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. பாட்டை எங்கே நிறுத்துவது என்று குழுவுக்கு அவர் காலால்தான் சொல்வார் என்று அவரோடு வாசித்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் உள்ள அத்தனை பேரின் கண்ணும் அங்கே போய்வருவதைப் பிடித்துவிட்டால், மேடை முழுக்க என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வயதானவர் பழைய பாட்டைப் பாடுகிறார் என்றீர்கள். அறுபது ஒரு வயதா தம்பி? அதற்கப்புறமும் 1996 முதல் 2014 வரை செயின்ட் லூயிஸில் புளூபெர்ரி ஹில் என்கிற உணவகத்தின் கீழ்த்தளத்தில் மாதா மாதம் வந்து வாசித்தார் அவர். அந்தப் பிற்காலக் காட்சிகளும் பார்க்கக் கிடைக்கும். விரல் தடுமாறும், சுருதி விலகும், பாசம் இருந்தால் மட்டும் பாருங்கள். இந்தப் படத்தை அந்த வரிசையில் வைக்காதீர்கள். இதில் கை முழுத் தெம்போடு இருக்கிறது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்க இசைத்தட்டில், கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானிப் பாட்டோடு 'ஜானி பி. குட்' பாட்டும் போயிருக்கிறது. அதை வாசித்த கை, விண்கலங்கள் கிளம்பி ஒன்பது வருடம் கழித்து எப்படி இருந்தது என்று பார்க்க இந்தப் படத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தாத்தாவிடம் ஒன்று கேளுங்கள். அவருடைய தோட்டத்துக் குழுவில் யார் யார் இருந்தார்கள், சுருதியை யார் முடிவு செய்வார்கள், புதுப் பாட்டை முதலில் காதால் பிடித்தவர் யார் என்று. கிதார் வாசித்தவர்களைக் கேட்டால் பாடகரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பின்னால் வாசித்தவனைப் பற்றித்தான் ரொம்ப நேரம் பேசுவார்கள். பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசனின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சி. 1987 செப்டம்பர் 30-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் படம் பிடித்தது, அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். பெர்ரி துள்ளுகிற ஆள், ஆர்பிசன் நின்ற இடத்தில் அசையாமல் பாடுகிற ஆள், குரலோ எங்கேயோ ஏறிப் போகும். இதிலும் ஸ்பிரிங்ஸ்டீன் இருக்கிறார், பெரும்பாலும் பின்னால் நின்று வாசிக்கிறார். 'ஓ, பிரிட்டி வுமன்' பாட்டில் அவரும் கிதார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டனும் கிதாரை மாற்றி மாற்றி வாசிக்கும் பகுதி வரும்போது தாத்தாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எது யாருடைய கை என்று அவர் திரையைப் பார்க்காமலேயே சொல்லக்கூடும்.